தறியில் விழுந்த உடுக்கை

அலுவலகத்தில் எல்லோரும் அவளைத் தறிக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். நெசவுக்கும் அவளுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றாலும் அக்காவைத் தேடுகிறவள் அவள். நகரத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதனைக் கூடத்தில் அவள் எழுதிய ஒரு மென்பொருளால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

நோயாளிகளின் ரத்தத்திலிருந்தும் கழிவிலிருந்தும் வளர்த்தெடுத்த கிருமிகளின் மரபணுத் தொடர்கள் அவளிடம் வரும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐம்பது லட்சம் எழுத்து நீளம். நாலே நாலு எழுத்துகள்தான், மாறி மாறி வரும். இரண்டு கிருமிகளை உட்கார்ந்து படித்து ஒப்பிடுவதென்றால் ஆயுசு போதாது. அவளுடைய மென்பொருள் ஒன்றைத் திரையின் மேல்பக்கம் ஒரு கோடாக வைக்கும், மற்றதைக் கீழ்ப்பக்கம் வைக்கும். இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிற இடங்களை நாடா போட்டு இணைக்கும். ஒழுங்காக இருந்தால் நாடா சிவப்பாக நேரே இறங்கும். எங்காவது ஒரு துண்டு அறுந்து தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்து நாடாக்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி முறுக்கிக்கொள்ளும். அவற்றுக்கு நீலம். ஒரே கிருமியின் இரண்டு பிரதிகளைப் போட்டால் திரை முழுக்கச் சிவப்புப் பாவு நூல் விரித்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்து யாரோ ‘தறி’ என்று சொல்லப்போக, மென்பொருளுக்கும் அவளுக்கும் சேர்த்தே பெயர் விழுந்தது.

வீட்டில் அவளுக்கு வேறு பெயர். நாற்பதைத் தாண்டியும் அக்காவுக்கு அவள் ‘குட்டி’தான். அம்மா போனபோது இவள் பால்பல் விழாத குழந்தை. அப்பா அதற்கும் முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். பள்ளிக்கூடத்தை முடித்திராத அக்கா, கல்யாணம் ஆகாமலே அம்மா ஆனாள். கல்யாணம் அப்புறமும் ஆகவில்லை. தையல் பயிற்சி நிலையம் ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்து இவளைப் படிக்க வைத்தாள். இப்போது இரண்டு பேரும் லிஃப்ட் உள்ள ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் ஒன்றாக இருந்தார்கள்.

அக்காவுக்குத் தெரியாத வீடு நகரத்தில் குறைவு. ஒரு வீட்டில் துக்கம் என்று காதில் விழுந்தால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் பழங்களை நறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசிறிக் குளிரவைத்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

“அழுது அழுது தொண்டை அடைச்சிருக்கும் குட்டி. சூடா எதுவும் இறங்காது. குளுகுளுன்னு பழமா இருந்தா ரெண்டு ஸ்பூனாவது உள்ள போகும்,” என்பாள். தெரிந்தவர், தெரியாதவர் என்றெல்லாம் பார்க்கமாட்டாள். அம்மா இறந்தபோது தங்கள் வீட்டுக்கு யாரும் ஒன்றும் கொண்டுவரவில்லை என்பதை அவள் மறக்கவே இல்லை.

அந்த வருஷம் மழைக்கால ஆரம்பத்தில்தான் முதல் படம் வந்தது. டைஃபாய்டு அந்த நகரத்தைவிட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. எப்போதாவது வெளியூர் போய்வந்த யாரையாவது அது பிடித்தால் உண்டு. இந்த நோயாளி வாசலைத் தாண்டாதவர், ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார். அவரிடமிருந்து எடுத்த கிருமியைத் தறிக்காரி வழக்கமான மாதிரிக் கிருமிக்குக் கீழே வைத்து ஓட்டினாள். இரண்டு ஓரத்திலும் சிவப்பு ஒழுங்காக இறங்கியது. நடுவில் மட்டும் அகலமான ஒரு பகுதி அப்படியே திரும்பி, நீல நாடாக்கள் மேலே விரிந்து, இடுப்பில் குறுகி, கீழே மறுபடி விரிந்து நின்றன.

பின்னால் நின்று எட்டிப் பார்த்த கள அதிகாரி, “என்ன இது, உடுக்கை மாதிரி இருக்கு?” என்றார். நோய் வந்த வீடுகளுக்கு நேரில் போய், தண்ணீர்த் தொட்டி முதல் குப்பைக்கூடை வரை குடைந்து பார்க்கிறவர் அவர். அதனால் அவருக்கு மோப்பம் என்று பெயர். அந்தப் பெயர் அவருக்குப் பெருமை.

“இந்தக் கிருமிக்கு இது சகஜம்தான். துண்டு துண்டா இடம் மாறிக்கும். ஆனா இப்படி ஒரு திருப்பம் நான் பார்த்ததில்ல,” என்றாள் அவள்.

பாட்டு வாத்தியார் பிழைத்துக்கொண்டார். அடுத்தது நகரத்தின் மறுகோடியில் ஒரு வங்கி ஊழியர், நடுத்தர வயதுப் பெண். கிருமியை ஓட்டினாள். அதே இடத்தில் அதே உடுக்கை. இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஒரே கடையில் சாப்பிட்டதில்லை, ஒரே குழாயில் குடித்ததில்லை. மோப்பம் இரண்டு வீட்டுக்கும் போய் வெறுங்கையோடு வந்தார்.

மூன்றாவது ஆள் பிழைக்கவில்லை. காய்ச்சலென்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். குடலில் ஓட்டை விழுந்த பிறகுதான் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவருடைய கிருமி தறியில் ஏறியபோது அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு இறங்கியது. நடுவில் நீலம் திரண்டு, குறுகி, விரிந்தது. தானே எழுதிய மென்பொருள்தான். ஒவ்வொரு வரியும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த உருவம் கோடு கோடாகத் திரையில் கூடிவருவதைப் பார்க்கும்போது, யாரோ அந்தப் பக்கத்திலிருந்து முகத்தைக் கண்ணாடியில் வைத்து அழுத்துவது போல ஒரு நினைப்பு வந்தது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் கூடத்தின் தலைமை மருத்துவர் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேடம் என்றால் எல்லோருக்கும் கொஞ்சம் உதறல்தான்.

“மூணு பேர். ஒரே கிருமி. தொடர்பு என்ன?” என்றார்.

மோப்பம் தொண்டையைக் கனைத்தார். “மேடம், ஒண்ணே ஒண்ணு பொதுவா இருக்கு. ஆனா அதை ரிப்போர்ட்ல எழுத முடியாது.”

“சொல்லுங்க.”

“காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி மூணு வீட்லயும் ஒரு சாவு நடந்திருக்கு. வேற வேற காரணம். பாட்டு வாத்தியாருக்கு மனைவி, மாரடைப்பு. வங்கியம்மாவுக்குத் தம்பி, விபத்து. இந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு அப்பா, வயசாகி. அது முடிஞ்சு கொஞ்ச நாள்ல இது உள்ள வருது. துக்கம் விசாரிக்க வர்ற மாதிரி.”

யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தூறிக்கொண்டிருந்தது.

“அப்ப ஆவி பிடிச்சிருக்குன்னு மேலிடத்துக்கு எழுதட்டுமா?” என்றார் மேடம். “போய் ஒழுங்கா விசாரிங்க.”

தறிக்காரிக்கு அந்தப் பேச்சு பாதிதான் காதில் விழுந்தது. லிஃப்ட் மெக்கானிக் என்ற சொல்லிலேயே மனசு நின்றுவிட்டது. அவளிடம் வருகிற கிருமிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். முதல் தடவையாக ஓர் எண்ணுக்கு முகம் முளைத்தது. அவர்கள் கட்டடத்து லிஃப்ட்டைப் பழுது பார்க்கிறவர். கறுத்த ஒல்லி மனிதர். ‘சிஸ்டர், கதவைக் காலால உதைக்காதீங்க, அதுக்கும் வலிக்கும்ல’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் இறந்துவிட்டார் என்று அக்கா அழுதுகொண்டு சொல்லி இரண்டு நாள்கூட ஆகவில்லை.

அடுத்து அவருடைய மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. உடுக்கைதான். கணவரிடமிருந்து தொற்றியிருக்கலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள். தறிக்காரியும் அப்படியே நினைக்க விரும்பினாள். ஆனால் வேறு ஒரு பயம் அவள் மண்டையைக் குடைந்தது. நாள் முழுக்கக் கிருமிகளோடு புழங்குகிறவள் தான்தானே? தன் கையிலோ உடுப்பிலோ ஒட்டிக்கொண்டு வந்து, லிஃப்ட் பொத்தான் வழியாக அந்த மனிதருக்குப் போயிருந்தால்? கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தடுப்பூசி உண்டு. அவளும் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தாள். ஊசி அவளைத்தான் காப்பாற்றும். மற்றவர்களை?

யாரிடமும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மோப்பத்திடம் சொன்னாள்.

“நானும் அதைத்தான் சொல்லலாம்னு வந்தேன். உங்களைச் சொல்லல,” என்று அவசரமாகத் திருத்தினார் அவர். “அந்தாளு வேலை பார்த்த கட்டடத்துல எல்லாம் எல்லாரையும் டெஸ்ட் பண்ணணும்னு மேடம் சொல்லிட்டாங்க. உங்க வீட்லயும் வந்து எடுத்துக்கறேன்.”

அவர் வந்த காலையில் அக்காவுக்கு ஒரே வேடிக்கை. “ஏன் சார், படிச்சு வேலைக்குப் போனா கம்ப்யூட்டர்ல பொத்தான் தட்டலாம்னு நினைச்சேன். கடைசில இந்த வேலையா?” என்று மலப் பரிசோதனை டப்பாவை வாங்கிக்கொண்டாள். கொடுத்த டப்பாக்களில் வாசலில் வைத்தே மோப்பம் எண் எழுதி ஒட்டினார். தங்கையுடையது முதலில், அக்காவுடையது அடுத்து. அவருக்கு ஒரு கிண்ணம் பழம் கொடுக்கப்போனாள் அக்கா. வேலை நேரத்தில் சாப்பிடுவதில்லை என்று அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பை நினைத்துத் தறிக்காரி பிற்பாடு பலமுறை பெருமூச்சு விட்டிருக்கிறாள்.

கட்டடத்தில் எல்லோருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது. அவளுக்கும் ஒன்றுமில்லை. ஒரே ஒரு டப்பாவில் மட்டும் கிருமி முளைத்திருந்தது. வளர்த்த தட்டில் கிருமிக் கூட்டங்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும்; அவற்றில் வேறு வேறு புள்ளிகளைத் தனித்தனியாக எடுத்துத் தொடர் படித்து அனுப்பியிருந்தார்கள். எண்ணைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் எண்ணுக்கு அடுத்த எண்.

பளீரென்று வெயில் அடிக்கிற முற்பகல். பக்கத்து மேஜையில் யாரோ பிஸ்கட் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொன்றாகத் தறியில் ஏற்றினாள். முதல் புள்ளி, உடுக்கை. இரண்டாவது, உடுக்கை இல்லை. வேறு இடத்தில் சின்னதாக ஒரு முறுக்கு. மூன்றாவதில் இரண்டு முறுக்கு, ஒன்றுக்குள் ஒன்று. நாலாவதில் ஒன்றுமே இல்லை, சுத்தமான சிவப்பு. ஒரே உடம்பிலிருந்து வந்தவை. ஒரு வீட்டில் வருஷக்கணக்காகக் குடியிருப்பவர்கள் சாமான்களை இங்கும் அங்கும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது போல அது உள்ளே இருந்துகொண்டு தன்னைத்தானே மாற்றி அடுக்கிக்கொண்டிருக்கிறது. வந்து தங்கிப்போன விருந்தாளி இப்படிச் செய்யாது. இது குடித்தனம்.

கூடத்தின் உறைபெட்டியில் பழைய காலத்துக் கிருமிகள் உண்டு. அவற்றின் தொடர்களும் கணினியில் இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு, ஒன்றுக்கொன்று நெருக்கமானவற்றை அடுத்தடுத்து அடுக்கும்படி தறிக்கு உத்தரவு கொடுத்தாள். படம் மேலிருந்து கீழாக வளர்ந்தது. அடியில் பாட்டு வாத்தியார், வங்கி ஊழியர், லிஃப்ட் மெக்கானிக், அவர் மனைவி. அவர்களுக்கு மேலே அக்காவின் புள்ளிகள். அவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் தலைமாட்டில், தறி தானாகக் கொண்டுவந்து வைத்தது ஒரு பழைய கிருமி. அதன் எண்ணில் ஒரு வருஷமும் ஒரு பேட்டையின் பெயரும் இருந்தன.

அந்தப் பேட்டையில்தான் அவள் பிறந்தாள். அந்த வருஷம்தான் அங்கே தண்ணீர்த் தொட்டியில் சாக்கடை கலந்து வீட்டுக்கு வீடு காய்ச்சல் வந்தது. அம்மாவும் அக்காவும் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள். அக்கா மட்டும் திரும்பி வந்தாள்.

அந்தப் பழைய கிருமி அம்மாவுடையதாகவும் இருக்கலாம். அடுத்த வீட்டுக்காரருடையதாகவும் இருக்கலாம். சொல்வதற்கில்லை. ஆனால் அதற்கும் அக்காவின் நாலாவது புள்ளிக்கும் நடுவே நாடாக்கள் துளிக்கூட முறுக்காமல் சிவப்பாக இறங்கின. ஐம்பது லட்சம் எழுத்தில் இருபதுகூட மாறியிருக்கவில்லை. அம்மாவைக் கொண்டுபோனது அன்றைக்கே தொலைந்துபோகவில்லை. அக்காவின் பித்தப்பைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அவளுக்கு மறுபடி காய்ச்சலே தராமல், அவள் இவளுக்குத் தலை வாரிய கையோடும், சோறு ஊட்டிய கையோடும், ராப்பகலாகக் கூடவே இருந்திருக்கிறது.

மேடத்தின் அறைக்குப் போய் எண்ணைச் சொன்னாள். அது யாருடையது என்றும் சொன்னாள். மேடம் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். அதட்டல் எல்லாம் எங்கோ போய்விட்டது. “நீ வீட்டுக்குப் போ. அவங்க கையால யாருக்கும் எதுவும் போகாம பார்த்துக்கோ. நாளைக்கு நான் வந்து பேசறேன்,” என்றார்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது சமையலறையில் கத்திச் சத்தம் கேட்டது. அக்கா ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே திராட்சையும் ஆரஞ்சுச் சுளையும் கிண்ணத்தில் பாதிக்கு இருந்தன.

“சீக்கிரம் வந்துட்டியா? நல்லதாப் போச்சு. ரெண்டாவது மாடி அண்ணனோட அம்மா தவறிட்டாங்களாம். நீயும் கூட வா,” என்றாள்.

அவள் செருப்போடு சமையலறை வாசலில் நின்றாள். அக்காவின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நகம் ஒட்ட வெட்டின, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன சுத்தமான விரல்கள். அவை பழத்துக்குள் இறங்கிப் பிசிறி மேலே வந்தன. மறுபடி இறங்கின. அவள் போய்க் கிண்ணத்தைப் பிடுங்கினாள். குப்பைக்கூடையில் அப்படியே கவிழ்த்தாள்.

“ஏய்! பைத்தியமா உனக்கு?”

“அக்கா, கை கழுவு. முதல்ல கை கழுவு.”

“என்னடி ஆச்சு?”

“நீ கொண்டுபோகாத. இனிமே யாருக்கும் எதுவும் கொண்டுபோகாத. உன்கிட்ட இருந்துதான் போகுது அக்கா. அந்தக் காய்ச்சல்.”

சொல்ல வேண்டிய விதம் இது இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. குழாயைத் திறந்து கை கழுவினாள். சோப்பு போட்டுக் கழுவினாள். மறுபடி போட்டாள். தங்கை வந்து குழாயை மூடுகிறவரை நிறுத்தவில்லை.

“பாட்டு வாத்தியாருக்குக் காய்ச்சல்னாங்களே,” என்றாள் கடைசியில். “என்கிட்டத் தைக்கக் கத்துக்கிட்ட பொண்ணோட அப்பா அவர். பேங்க்ல அந்தம்மா, தம்பி போயிட்டான்னு கவுன்ட்டர்ல உக்காந்து அழுதுச்சு...” ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினாள். “லிஃப்ட் தம்பி?”

தங்கை தலையை மட்டும் ஆட்டினாள். அக்கா அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். “அவன் போனதுக்கும் அவன் பொண்டாட்டிக்குக் கொண்டுபோய்க் குடுத்தேனே குட்டி,” என்றாள். “ஊட்டி விட்டேன்.”

மறுநாள் மேடம் வந்தார். ஆளை உள்ளே தள்ளவோ பெயரை வெளியிடவோ போவதில்லை என்று முதலிலேயே சொன்னார். பித்தப்பையில் கல் இருக்கும், கிருமி அதில்தான் ஒளிந்திருந்து எப்போதாவது வெளியே வரும், சமையல் சூட்டில் சாகும், கையால் பிசிறிய பழத்தில் பிழைத்துக்கொள்ளும், பையையே எடுத்துவிட்டு மருந்தும் கொடுத்தால் அநேகமாகப் போய்விடும் என்று நிதானமாக விளக்கினார். அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். எல்லாம் முடிந்தபின் ஒரு கேள்வி கேட்டாள்.

“எங்கம்மாகிட்ட இருந்ததும் இதுவும் ஒண்ணுன்னு இவ சொல்றாளே. நிஜமாவா?”

“அதோட வம்சம்னு சொல்லலாம்.”

“அப்ப அது எங்கயும் போகல,” என்றாள் அக்கா. வலது கை தானாகப் போய் விலாவுக்குக் கீழே படிந்தது. “சாப்பிட்ட பிறகு இங்க ஒரு வலி வரும் டாக்டர். சுருக்குன்னு. அம்மா கிள்ற மாதிரியே இருக்கும். சின்ன வயசுல இவளைப் பார்த்துக்காம விளையாடப் போனா அம்மா இங்கதான் கிள்ளுவாங்க. இத்தனை வருஷமா வலி வரும்போதெல்லாம் குட்டியை மறந்துட்டேனோன்னு நினைச்சுப்பேன்.” கை அங்கேயே இருந்தது. “ஆபரேஷன் வேணாம்.”

மேடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அக்கா அசைந்து கொடுக்கவில்லை. சமைக்கமாட்டேன், பயிற்சி நிலையத்துக்கு லீவு எழுதித் தருகிறேன், தட்டும் டம்ளரும் தனியாக வைத்துக்கொள்கிறேன், யார் வீட்டு வாசலையும் மிதிக்கமாட்டேன் என்று எல்லாவற்றுக்கும் சம்மதித்தாள். அதற்கு மட்டும் மாட்டேன் என்றாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். வீடு சத்திரம் மாதிரி ஆகிவிட்டது. தங்கை சமைத்ததை அக்கா தன் அறைக்கு எடுத்துப்போய்ச் சாப்பிடுவாள். தட்டைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்து வைப்பாள். பேச்சு குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தறிக்காரி கடைக்குப் போய்விட்டுத் திரும்பினாள். சாவியைப் போடும்போதே உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அக்காவின் குரல்தான், ஆனால் இளசாக, செல்லம் கொஞ்சுகிற மாதிரி இருந்தது.

“சும்மா இருங்க. அவ வந்துட்டா.”

அறைக்குள் போனால் அக்கா மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் மடிமேல் விழுந்திருந்தது. கை வலது விலாவின்மேல் இருந்தது.

“யார்கிட்டப் பேசிட்டிருந்த?”

“யார்கிட்டயும் இல்லையே,” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். தங்கை சமையலறைக்குப் போனாள். பையிலிருந்த காய்கறிகளைத் தேவைக்கு மேலேயே நேரமெடுத்துக் கழுவினாள். அன்று முழுக்க அந்த அறைப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார அவளுக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு ஒருநாள் அக்காவே கேட்டாள். “நீ பார்த்தியே, அந்தப் படம். எனக்குக் காட்டுவியா?”

விடுமுறை நாளில் மேடத்திடம் அனுமதி வாங்கி அழைத்துப் போனாள். கூடத்தில் ஈ காக்கை இல்லை. உறைபெட்டிகள் மட்டும் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தன. தறியைத் திறந்து எல்லாவற்றையும் அடுக்கிப் போட்டாள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணியில் தையல் பார்க்கிற மாதிரியே குனிந்து பார்த்தாள்.

“அம்மாவோடது எது?”

“மேல இருக்கே, அதுவா இருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது.”

அக்கா அதன்மேல் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்காமல் சிவப்பு நாடா ஒன்றைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். முதல் முறுக்கில் விரல் தயங்கியது. இரண்டாவதில் நின்றது. நீலத்துக்குள் புகுந்து குறுகின இடுப்பு வழியாக மறுபக்கம் வந்தது.

“இது?”

“லிஃப்ட் தம்பிக்குப் போனது.”

“மேல நேரா இருக்கு. இங்க வரும்போது திருகிட்டு நிக்குது. நடுவுல எங்க திருகிச்சு?”

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

“உனக்குள்ளதான் அக்கா.”

அக்கா விரலை எடுத்துக்கொண்டாள். வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தையல் கோணிப்போன மாணவியின் சட்டையை எடுத்துப் பார்க்கும்போது வருகிற அதே முகம். திட்டப்போகிறாளா, பிரித்துவிட்டு முதலிலிருந்து தைக்கச் சொல்லப்போகிறாளா என்று தெரியாது.

“இது அம்மா இல்ல,” என்றாள். “அம்மா யார் வீட்டுச் சாப்பாட்டுலயும் கை வெச்சிருக்க மாட்டாங்க.” கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டாள். “எடுத்துடச் சொல்லு குட்டி.”

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக நடந்தது. பித்தப்பையில் கரடுமுரடாகக் கற்கள் இருந்தன. அவற்றைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். உடைத்து வளர்த்தபோது உள்ளேயிருந்து அதுதான் முளைத்தது. மருந்து முடிந்து, விட்டுவிட்டு எடுத்த சோதனைகளில் எல்லாம் அக்காவிடம் ஒன்றுமில்லை என்றே வந்தது. நகரத்தில் வேறெங்கும் உடுக்கை தலைகாட்டவில்லை. கோப்பில் மேடம் முற்றுப்புள்ளி வைத்தார். ‘ஆள் கண்டுபிடிக்கப்பட்டார், குணமாக்கப்பட்டார்’ என்பதற்கு மேல் மோப்பம் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அக்கா சும்மா இருக்கவில்லை. நடக்கத் தெம்பு வந்ததும், யார் தடுத்தும் கேட்காமல், வெறும் கையோடு லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவியைப் பார்க்கப் போனாள். அந்தப் பெண் உடம்பு தேறி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். காலையில் போனவள் சாயங்காலம்தான் வந்தாள். அங்கே என்ன பேச்சு நடந்தது என்று அக்கா சொல்லவில்லை. கன்னம் ஒருபக்கம் சிவந்திருந்தது. அழுததாலா, வேறெதாலா என்று தங்கையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை அந்தப் பெண்ணின் குழந்தைகளுக்குப் பள்ளி உடுப்பு தைக்க, அக்கா போய்வருகிறாள்.

வீட்டில் அடுப்பு மறுபடி அக்காவிடம் வந்தது. ஆனால் பழம் நறுக்குவதில்லை. வலி நின்றுவிட்டது என்று மேடத்திடம் சொன்னாள். சொன்னபோது சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் சில சமயம் எதையோ எதிர்பார்க்கிற மாதிரி அசையாமல் இருப்பாள். பிறகு எழுந்து தட்டைக் கழுவுவாள்.

ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது கேட்டாள். “அதை என்ன பண்ணீங்க?”

“எதை?”

“எங்கிட்ட இருந்து எடுத்ததை.”

“வளர்த்தோம்ல, அதுல கொஞ்சம் குழாய்ல போட்டு உறைய வெச்சிருக்கோம். பழசுக்குப் பக்கத்துலயே. எல்லாத்தையும் அப்படித்தான் வைக்கணும்.”

“ரொம்பக் குளிரா இருக்குமே.”

“மைனஸ் எண்பது.”

“தாங்குமா?”

“தாங்கும். நம்ம காலத்துக்கு அப்புறமும் இருக்கும்.”

அக்கா ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு மெதுவாக மென்றாள். “சரி,” என்றாள். “இருக்கட்டும்.”

அதன் பிறகு அவ்வப்போது விசாரிப்பாள். வெளியூரில் ஹாஸ்டலில் சேர்த்த பிள்ளையைப் பற்றிக் கேட்கிற மாதிரி, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், “அது நல்லா இருக்கா?” என்பாள். நல்லா இருக்கு என்று இவளும் சொல்லிவிடுவாள். செத்துக் கிடக்கவும் இல்லை, உயிரோடு அசையவும் இல்லை. அதை நல்லா இருக்கு என்று சொல்லலாமா கூடாதா என்று அவளுக்கே தெரியாது.

போன வாரம் வேறு ஏதோ ஒரு கிருமி வேண்டுமென்று தறிக்காரி உறைபெட்டியைத் திறந்தாள். வெள்ளைப் புகை வழிந்து காலடியில் படர்ந்தது. தேடினது கையில் கிடைத்துவிட்டது. ஆனால் கதவை மூடவில்லை. மேல் தட்டில் அந்த இரண்டு குழாய்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கையுறைக் கட்டைவிரலால் புதுசின்மேல் படிந்திருந்த பனியைத் துடைத்தாள். பிறகு பழசின்மேல் இருந்ததையும் துடைத்தாள். சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“அக்கா விசாரிச்சா,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.